பொட்டு வச்ச ரெண்டு கம்பி

மேடம், ஒரு நிமிஷம்! இறங்காதீங்க, இறங்காதீங்க. காலைப் பின்னால வைங்க... அப்பாடா. பாத்தீங்களா அவனை? ப்ரேக் மேல கால் போச்சா? போகாது. நீங்க இன்னிக்குப் பூரா இந்த ஓரத்துல நின்னாலும் ஒருத்தன் நிப்பாட்ட மாட்டான்.

அங்கன்வாடிக்குத்தானே? பஸ்ல இருந்து இறங்கும்போது கண்டக்டர்கிட்ட கேட்டீங்க, காதுல விழுந்துச்சு. அதோ எதிர்ல, மஞ்சக் கலர்ல, செவுத்துல யானை வரைஞ்சிருக்கு பாருங்க. அதேதான். இங்க இருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டா அங்க திரும்பிப் பாப்பாங்க, அவ்வளவு கிட்ட. ஆனா போகணும்னா இப்படியே முக்கா கிலோமீட்டர் நடக்கணும், நடைமேம்பாலம் ஏறி இறங்கணும், அந்தப் பக்கமா திரும்ப முக்கா கிலோமீட்டர் வரணும். ஆட்டோவா? ஆட்டோ இன்னும் தூரம் போயி சுத்திட்டு வரணும், எவனும் வர மாட்டான். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். எனக்கு இது தினம் நாலு நடை.

என் பேரு தணிகாசலம். பின்னாடி இருக்கே சூளைக்காரத் தெரு, அதோட முனையில இருக்கிற வெல்டிங் பட்டறை என்னுது. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னும் எனக்குத் தெரியும் மேடம். பச்சையம்மா விஷயமா. அங்கன்வாடி ஆயா பச்சையம்மா. இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸ்லேர்ந்து மேடம் வராங்க, விசாரணைன்னு டீச்சர் நேத்தே சொன்னாங்க. உங்க கையில ஃபைலையும் குடையையும் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. இல்ல இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். உங்க வேலையில நீங்க வாயைத் திறக்கக் கூடாது, அது எனக்குத் தெரியாதா? நான் பேசறேன், நீங்க கேட்டுக்கிட்டே வாங்க. அங்க போயி நாலு பேர் முன்னாடின்னா எனக்கு நாக்கு எழாது. வழியிலேயே சொல்லிடலாம்னு ஒன்பதரையிலேர்ந்து இந்த ஸ்டாப்புல உக்காந்திருக்கேன்.

பாத்து, அந்த ஸ்லாப் ஆடும். ஓரத்துல மிதிங்க.

உங்க ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னு நானே சொல்லட்டுமா? கார்த்திகை மாசம், செவ்வாய்க்கிழமை காலையில, ஆயா பச்சையம்மா அஞ்சு புள்ளைங்களை ரோட்டு நடுவுல இருக்கிற இரும்புத் தடுப்புக்கு மேல தூக்கிப் போட்டு, தானும் ஏறிக் குதிச்சு, கார்ல அடிபட்டாங்க. புள்ளைங்க உயிரோட விளையாடினாங்க. அதனால வேலையை விட்டு எடுக்கணும். அதானே? நாலரை அடி கிரில் மேடம் அது. பச்சையம்மாக்காவுக்கு அம்பத்தி நாலு வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, பஸ்ல ஏறவே யாராவது கை குடுக்கணும். அவங்க எப்படி ஏறிக் குதிச்சாங்கன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? போலீஸ் கேக்கல, உங்க ஆபீஸ் கேக்கல. ஏறினாங்க, குதிச்சாங்க, முடிஞ்சுபோச்சு.

அவங்க ஏறலை மேடம். அங்க வழி இருந்துச்சு. அந்த வழியை வச்சது நான்.

என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க மேடம், கோவிச்சுக்காதீங்க, நடுவுல விட்டா எனக்குத் திரும்ப வராது. முடிச்சுடறேன்.

இந்த ரோடு முன்னாடி ரெண்டு வண்டி போற ரோடுதான். எங்க தெரு இந்தப் பக்கம், அங்கன்வாடி, ரேஷன் கடை, கோயில் எல்லாம் அந்தப் பக்கம். லுங்கியை மடிச்சுக் கட்டுறதுக்குள்ள தாண்டிப் போயிருவோம். அப்புறம் அகலப்படுத்தினாங்க. எட்டு லேன் ஆச்சு. நடுவுல கிரில் போடுற வேலை ஒரு பெரிய காண்ட்ராக்டருக்கு வந்துச்சு, அவரு பேரு வேணாம். அவர்கிட்டேர்ந்து மூணு கிலோமீட்டர் எனக்கு வந்துச்சு. பொய் சொல்லல மேடம், சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதுவரைக்கும் ஜன்னல் கம்பி, கேட்டுன்னு ஓடிட்டு இருந்த பட்டறை. எம் பொண்டாட்டி கோமளா தெருவுக்கே கேசரி கிண்டிக் குடுத்தா. எங்க தெருவுக்கு வழி அடைக்கிறதுக்கு எங்க தெருவே கேசரி சாப்பிட்டுச்சு.

இந்தக் கார் ஷோரூமைப் பாருங்க. நடைபாதை பூரா அவனோட புது வண்டிங்க. கொஞ்சம் கீழ இறங்கி நடக்கணும். எதிர்ல வர்ற பைக்கைப் பாத்துக்குங்க, ராங் சைடுலதான் வருவானுங்க. நானும் அப்படித்தான் போயிட்டிருந்தேன். இப்ப பைக் பட்டறையில தூங்குது, தொடுறதில்ல.

ஆடி மாசம், எங்க தெரு முனைக்கு நேரா கிரில் வச்சுக்கிட்டு இருக்கேன். பச்சையம்மாக்கா ஒரு கிண்ணத்துல சத்துமாவு உருண்டை கொண்டாந்து குடுத்தாங்க. ஐயோ, இதை எழுதிடாதீங்க மேடம், அது அவங்க பங்கு மாவு. புள்ளைங்க வாயில போறதை எடுக்கிற ஆளில்ல அவங்க. குடுத்துட்டுக் கேட்டாங்க, "தணிகா, இதை நீ மூடிட்டா அஞ்சு புள்ளைங்களை நான் எப்படிடா கூட்டிட்டுப் போவேன்? பாலம் ஏற என் முட்டி கேக்குமா?"

"நான் என்னக்கா பண்ணட்டும், ட்ராயிங்ல அப்படித்தான் இருக்கு"ன்னேன்.

"ட்ராயிங் போட்டவன் நடந்து பாத்துட்டா போட்டான்?"

உருண்டை வாயில இருந்துச்சு. அவங்க மெதுவா, "ரெண்டு கம்பி விட்டு வையேன்டா. நான் ஒல்லிதானே, புகுந்துக்குவேன்"னாங்க.

எங்க தொழில்ல பொட்டு வைக்கிறதுன்னு ஒண்ணு உண்டு மேடம். கம்பியை முழுசா சுத்திப் பத்த வைக்காம, நிக்கிறதுக்காக ஒரே ஒரு புள்ளி. பாக்கறவங்களுக்குப் பத்த வச்ச மாதிரியே இருக்கும், மேல பெயிண்டும் அடிச்சிட்டா எஞ்சினியருக்கே தெரியாது. ரெண்டு கம்பிக்கு மேல மட்டும் பொட்டு வச்சேன். கீழ குழாய்ல ஓட்டை போட்டுச் சும்மா சொருகி விட்டேன். எஞ்சினியர் பாத்துட்டுப் போனதும் ஒரு தட்டு தட்டினேன், பொட்டு விட்டுடுச்சு. தூக்குனா கம்பி கையோட வரும், திரும்பச் சொருகினா நிக்கும். தெருவுக்கே சொல்லிட்டேன்: எடுங்க, போங்க, ஆனா போன கையோட சொருகிடுங்க. ஆபீஸ் வண்டி எப்ப வேணா வரும்.

நல்லதுக்குத்தானே செஞ்சேன்? சொல்லுங்க. நாப்பது வீட்டு ஜனம். அந்தத் தீபாவளிக்கு எங்க வீட்டுக்கு வந்த பலகாரத்தை வைக்க இடமில்ல. தணிகாதான் நமக்கு வழி விட்டவன்னு பேசிக்கிட்டாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சேன்.

நில்லுங்க! நில்லுங்க மேடம். இது பெட்ரோல் பங்க் வாசல். உள்ள போறவன், வெளிய வர்றவன் ரெண்டு பேருமே நம்மளைப் பாக்க மாட்டான். கையைக் காட்டுங்க. இன்னும் நல்லாத் தூக்கி... கேட்டீங்களா என்ன சொல்லிட்டுப் போறான்னு? "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா"வாம். பொம்பளைன்னு கூடப் பாக்கல. ஆனா மேடம், வண்டியில உக்காந்திருந்தப்ப நானும் எத்தனை பேரைப் பாத்து இதே வார்த்தையைச் சொல்லியிருக்கேன். அப்பல்லாம் நடக்கறவங்கதான் தப்பு பண்றாங்கன்னு தோணும். இப்ப நடக்கறேன், வண்டியில போறவன் அத்தனை பேரும் எமனாத் தெரியறான். என்ன புத்தியோ.

தண்ணி வேணுமா? பாட்டில்ல இருக்கு, வாய் வைக்கல. குடிங்க. பாலம் இன்னும் கொஞ்ச தூரந்தான்.

என் தோள் பையில இருந்து தொங்குதே, அது என்னன்னு பாக்கறீங்களா? புடவை. பச்சையம்மாக்காவோட பழைய நூல் புடவை, முறுக்கிக் கயிறு மாதிரி பண்ணி ஆறு முடிச்சுப் போட்டிருக்காங்க. முதல் முடிச்சு அவங்க கையில. மீதி அஞ்சு முடிச்சு அஞ்சு புள்ளைங்களுக்கு. ஒவ்வொண்ணுக்கும் அதோட முடிச்சு, மாத்திக் குடுத்தா அழும். மோனிஷுக்குக் கடைசி முடிச்சு. வீடு வீடாப் போயி கூப்பிட்டு, இந்தப் புடவையைப் புடிக்க வச்சு, கையை உசத்திக் காட்டிக்கிட்டே நாலு லேன் தாண்டுவாங்க. கிரில்ல ரெண்டு கம்பியை எடுத்து ஒவ்வொண்ணா உள்ள விட்டு, அவங்களும் புகுந்து, கம்பியைச் சொருகிட்டு, மிச்சம் நாலு லேனும் தாண்டுவாங்க. நாலு மாசம் ஒரு கீறல் இல்ல.

கார்த்திகையில அந்தச் செவ்வாய்க்கிழமை... முட்டை போடுற நாளு. மோனிஷுக்கு முட்டைன்னா உசுரு. எதிர்ல டீச்சர் வாசல்ல நின்னதைப் பாத்துட்டான். முடிச்சை விட்டுட்டு ஓடிட்டான். பச்சையம்மாக்கா பாஞ்சு போயி அவனைத் தள்ளிவிட்டாங்க. அவனுக்கு முழங்கையில சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான். காரு அவங்க இடுப்புல அடிச்சுது.

சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டுச்சு. ஓடினேன். நான்தான் மடியில போட்டுக்கிட்டேன். "புள்ளை, புள்ளை"ன்னாங்க. இருக்கான்க்கா, நல்லா இருக்கான்னேன். ஆம்புலன்ஸ் வந்துச்சு, ஏத்தினோம்.

அதுக்கப்புறம் நான் பண்ணினதுதான் மேடம்... சொல்றேன். இருங்க, மூச்சு வாங்கிக்கறேன். வயசாயிடுச்சு.

ஆம்புலன்ஸ்ல கூடப் போயிருக்கணுமா இல்லையா? போகல. அந்த ரெண்டு கம்பியும் கிரில் ஓரத்து அரளிச் செடி மேல கிடந்துச்சு. அது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது. போலீஸ் வரும், எஞ்சினியர் வருவாரு, யாரு வேலைன்னு கேப்பாங்க. பட்டறைக்கு ஓடினேன். ஜெனரேட்டரை வண்டியில போட்டுக் கொண்டாந்தேன், மெஷினைக் கொண்டாந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் இன்னும் காதுக்குள்ள கேட்டுக்கிட்டு இருக்கு மேடம், நான் கம்பியைப் பத்த வச்சுக்கிட்டு இருக்கேன். பொட்டு இல்ல, சுத்தி முழுசா. தெருவே நின்னு பாத்துச்சு. ஒருத்தர் கூட ஏன்டான்னு கேக்கல. மோனிஷோட அப்பன் கம்பியை நேராப் புடிச்சுக் குடுத்தான். அவசரத்துல வெல்டிங் கண்டபடி வழிஞ்சுது. மேல பெயிண்டை அப்பினேன். போலீஸ் வந்தப்ப கிரில் முழுசா நிக்குது. அப்ப அந்தம்மா எப்படி நடுவுல வந்தாங்க? ஏறித்தான் குதிச்சிருக்கணும். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

வேற யாரும் அதுல போயி அடிபடக் கூடாதுன்னுதான் மூடினேன்னு தெருவுல சொன்னேன். கோமளாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அரசாங்க கிரில்லைக் கழட்டினதுன்னு கேஸ் போட்டா தெருவுல எல்லாரையும் இழுப்பாங்க, அதனால யாரும் வாயைத் திறக்காதீங்கன்னும் சொன்னேன். அதுவும் நான்தான். எல்லாரும் சரின்னுட்டாங்க. எனக்காகப் பேசாம இருந்தாங்களா, அவங்களுக்காகப் பேசாம இருந்தாங்களா, யாருக்குத் தெரியும்.

மூணாம் நாளு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க போலீஸ்காரர் கேட்டுக்கிட்டு இருக்காரு, "ஏம்மா, புள்ளைங்களைத் தூக்கியா போட்டே?" நான் கட்டில் கால்மாட்டுல நிக்கிறேன். அக்கா என் மூஞ்சியைப் பாத்தாங்க. அவங்க பார்வையை எடுத்துட்டு, "ஆமாய்யா. தூக்கித்தான் போட்டேன்"னாங்க. கையெழுத்தும் போட்டாங்க. போலீஸ் போனதும் நான் அழுதேன். அப்ப அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "அழாதடா. நீ ரெண்டு கம்பி எடுத்தே, டாக்டர் என் கால்ல ரெண்டு கம்பி வச்சுட்டாரு. சரியாப் போச்சு." சொல்லிட்டுச் சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்கு என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

வந்தாச்சு. இதான் பாலம். லிஃப்ட் இருக்கு, ஆனா பூட்டுதான் தொங்கும், ஒரு நாளும் ஓடினதில்ல. படிதான். நாப்பத்தெட்டு படி. கைப்பிடியைத் தொடாதீங்க, வெயில்ல கொதிக்கும். மெதுவா வாங்க, அவசரமில்ல, பதினோரு மணி ஆகலை.

அவங்களுக்கு அடிபட்ட ரெண்டாம் வாரத்துலேர்ந்து நான்தான் புள்ளைங்களைக் கூட்டிட்டு வர்றேன். யாரும் கேக்கல, நானாத்தான். இதே படி. ரெண்டு சின்னதைத் தோள்ல, மத்ததுங்க புடவையைப் புடிச்சுக்கிட்டு. பிராயச்சித்தம்னு வச்சுக்குங்க. நான் என்னமோ திட்டு விழும்னு பாத்தா, புகழ ஆரம்பிச்சுட்டாங்க மேடம். தணிகா மாதிரி உண்டா, சொந்த வேலையை விட்டுட்டுப் புள்ளைங்களைப் பாதுகாப்பா பாலத்து மேல கூட்டிட்டுப் போறான், அந்தக் கிழவி மாதிரியான்னு. யாரு? அவங்களை அக்கா அக்கான்னு சுத்தி வந்த அதே பொம்பளைங்க. கம்பி எடுத்து அவங்களே தினம் போயிட்டு வந்தவங்க. பொய்யை நாலு தடவை சொன்னாங்க, அஞ்சாவது தடவை நம்பிட்டாங்க.

குடியரசு தினத்துக்கு அங்கன்வாடியில கொடி ஏத்தி, எனக்குப் பொன்னாடை போத்தினாங்க. ஆமா மேடம், எனக்கு. குழந்தைகளின் பாதுகாவலர்னு மைக்ல சொன்னாங்க. பச்சையம்மாக்கா கடைசியில வாக்கரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. கொடியேத்துறதைப் பாக்க ஆட்டோ புடிச்சு ஊரைச் சுத்தி வந்திருக்காங்க. எல்லாரும் கை தட்டறாங்க. அவங்க வாக்கரைச் செவுத்துல சாய்ச்சு வச்சுட்டு, ஒரு கையால செவுத்தைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தொடையில தட்டறாங்க மேடம். எனக்கு.

அந்தப் பொன்னாடையை கோமளா பீரோவுல வைக்கல. பட்டறையில கொண்டு போட்டுட்டா, கை துடைச்சுக்கோன்னு. இன்னிக்குக் காலையில நான் கிளம்பறப்பச் சொன்னா: "சொல்லிட்டு வா. சொல்லாம வந்தா சோறு போடறேன், ஆனா என்கிட்ட பேசாத."

அதனால சொல்லிட்டேன். எல்லாம் சொல்லிட்டேன் மேடம். நீங்க அதை அப்படியே எழுதிக்குங்க, அவங்களுக்கு வேலையைத் திரும்பக் குடுத்துடுங்க. என் பேரு... என் பேரு கண்டிப்பா போடணுமா? ஊர்ல விசாரிச்சதுல தெரிய வந்ததுன்னு போட முடியாதா? ரெண்டு பொண்ணு இருக்கு எனக்கு. பட்டறையில அந்தக் காண்ட்ராக்டர் வேலைதான் ஓடுது. யோசிச்சுப் பாருங்க. நீங்க நினைச்சா...

என்ன, கீழ எதைக் காட்டறீங்க? ஜீப்பா? ஆமா, அது அரசாங்க ஜீப்பு. முன்னாடி போர்டு இருக்கு... குழந்தைகள் வளர்ச்சி... அது உங்க டிபார்ட்மெண்டுதானே? உள்ள ஒரு மேடம் உக்காந்திருக்காங்களே. அந்தப் பக்கமா அங்கன்வாடிக்குத்தான் போகுது.

அப்ப நீங்க யாரு?

சொல்ல வந்தீங்கதான். ஆமா. ஸ்டாப்புல ஒரு தடவை, அப்புறம் அந்த ஸ்லாப்பைத் தாண்டினதும் ஒரு தடவை. நான்தான் விடல. அட முட்டாப்பயலே! அதிகாரி எங்கடா பஸ்ல வந்து இறங்குவாங்க? அதிகாரி நடந்து வந்தா இந்த ரோடு இப்படியா இருக்கும்? இது கூடத் தோணல பாருங்க எனக்கு. ஃபைலைப் பாத்தேன், குடையைப் பாத்தேன், முடிவு பண்ணிட்டேன்.

ஃபைல்ல என்னதான் இருக்கு? குடுங்க... கண்ணாடி இல்ல, நீங்களே படிங்க. "தேன்மொழி. தற்காலிக உதவியாளர்." எந்த மையம்? இதே மையமா? போன வாரத் தேதியா? விசாரணை இன்னிக்குத்தானே? ஓஹோ. அப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவங்க இடத்துல ஆள் போட்டுட்டு, அப்புறமா வந்து விசாரிக்கறாங்க. அவங்களே ராஜினாமா பண்ணிட்டாங்கன்னா உங்ககிட்டச் சொன்னாங்க? இல்லம்மா. அவங்க எங்க ராஜினாமா பண்ணாங்க? வீட்ல உக்காந்து புள்ளைங்க சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டு இருக்காங்க.

வாங்க, வாங்க, இறங்குங்க. ஓடணும். ஜீப் ரெண்டு நிமிஷத்துல போயிரும், நாம நடந்து போறதுக்குள்ள அந்தம்மா டீ குடிச்சுட்டுக் கிளம்பிருவாங்க. அந்த ரெண்டு கம்பி மட்டும் இப்ப இருந்திருந்தா... சே, என்ன பேச்சு பேசறேன்.

இல்ல தங்கச்சி, நில்லு. நீ எதுக்கு ஓடி வர்றே? நான் போயி வாயைத் திறந்தா உன் வேலை போகும். புரியுதா? உனக்கு வீட்ல யாரு இருக்கா? புருஷன் இல்லையா. ஒரு பையனா. பாத்தியா? நான் எதைத் தொட்டாலும் ஒரு பொம்பளை வயித்துல போயிதான் முடியுது. நீ வேணா மெதுவா வா. நான் முன்னாடி போறேன். என்ன நீ, என்னை விட வேகமா நடக்கறே?

கேளு. என்ன கேக்கணும்?

...

புள்ளை முடிச்சை விட்டுட்டு ஓடுற வரைக்கும் அவங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னா கேக்கறே? நாளைக்கு நீயும் கூட்டிட்டு வரணும், அதான் கேக்கறே. நியாயம். இத்தனை மாசத்துல இதை ஒருத்தரும் கேக்கல தங்கச்சி. கோமளாவும் கேக்கல. கேட்டுரக் கூடாதேன்னுதான் நான் மத்ததையெல்லாம் இவ்வளவு பேசறேன்னு வச்சுக்கோ.

திரும்பி நின்னுக்கிட்டு இருந்தாங்க. கம்பியைச் சொருகிக்கிட்டு இருந்தாங்க.

முந்தின நாளு சாயங்காலம் அவங்க வீட்டு வாசல்ல போயி சத்தம் போட்டேன். அன்னிக்குக் காலையில மழை, கடைசிப் புள்ளை அழுதுச்சுன்னு கம்பியைச் சொருகாம போயிட்டாங்க. மத்தியானம் வரைக்கும் வழி திறந்தே கிடந்துச்சு. யாரும் பாக்கல, ஒண்ணும் ஆகல. ஆனா நான் போயி, தெருவே கேக்குற மாதிரி, "உனக்கு நல்லது பண்ணினேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். புள்ளைங்க நிக்கும், எங்கேயும் ஓடிறாது. முதல்ல கம்பியைச் சொருகு, அப்புறம் புள்ளையைப் பாரு"ன்னேன். இதே வார்த்தை. அவங்க சரிடான்னாங்க. மறுநாள் அதேதான் செஞ்சாங்க. முதல்ல கம்பியைச் சொருகினாங்க.

வழி விட்டது தப்பில்ல தங்கச்சி. மூடினது கூட, பயந்துட்டேன், மன்னிச்சாலும் மன்னிப்பாங்க. அவங்களை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்துனது நான். அக்காவுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் ஆஸ்பத்திரியில அப்படிச் சொன்னாங்க. தெரிஞ்சுதான் கை தட்டினாங்க.

அதோ யானை தெரியுது. ஜீப் நிக்குது, இருக்காங்க. ஐயையோ, டிரைவர் ஏறிட்டான். டீச்சர் வாசல் வரைக்கும் வந்து கும்பிடறாங்க. முடிஞ்சுபோச்சு, கிளம்பறாங்க. சுத்திப் போக மனசில்லாம ராங் சைடுலயே இந்தப் பக்கம் திருப்பறான், பாரு.

இந்தா, இதைப் புடி. புடவையை. நாளைக்கு நீ இருந்தா நீ வச்சுக்கோ, அவங்க இருந்தா அவங்ககிட்டக் குடுத்துடு. நான் இனிமே தொட மாட்டேன். முதல் முடிச்சு உன் கையில. மோனிஷுக்குக் கடைசி முடிச்சு வேணாம், உனக்கு அடுத்த முடிச்சைக் குடு, அழுதாலும் பரவாயில்ல. ரோட்டுல இறங்கிட்டா பின்னாடி திரும்பாத. யாரு என்ன சொல்லியிருந்தாலும் சரி, யாரு பொழைப்பு போனாலும் சரி. புள்ளைங்களை மட்டும் பாரு.

நடு ரோட்டுல நின்னாத்தான் நிப்பாட்டுவான். நகரு, நீ ஓரமா இரு. அடிக்கட்டும் ஹார்னை, எவ்வளவு அடிப்பான்...

மேடம், ஒரு நிமிஷம்! வண்டியை நிப்பாட்டச் சொல்லுங்க மேடம். என் பேரு தணிகாசலம். எழுதிக்குங்க, தணிகாசலம், வெல்டர், சூளைக்காரத் தெரு. அவங்க ஏறிக் குதிக்கல. இறங்கி வாங்க, கம்பியைக் காட்டறேன். கொஞ்ச தூரம் நடக்கணும் மேடம்.